யுவராணியும் வாடை மெஷினும்

வேடசந்தூர் பக்கத்து நூல் மில் ஒன்றில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள் யுவராணி. அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. வெற்றிலைகூடப் போட்டதில்லை. ஆனால் அவள் புருஷன் சடையாண்டிக்குத் தொழிலே புகையிலைதான். கருப்பட்டித் தண்ணீர் தெளித்த இலைகளை வீட்டு விட்டத்திலேயே தொங்கவிட்டுப் பாடம் பண்ணுவான். தலையணை, சேலை, சோற்றுப் பானை எல்லாவற்றிலும் அந்த வாடைதான். வீட்டில் யாருக்கும் அது தெரிவதுமில்லை.

போன மாதம் மில் வாசலில் வாடை பிடிக்கும் மெஷின் வைத்தார்கள். கதவு நிலை மாதிரி இருக்கும். உள்ளே போய் நின்றால் காற்றை உறிஞ்சி, பீடி, புகையிலை, பெட்ரோல் வாடை பட்டால் சிவப்பு விளக்கைப் போடும். பஞ்சு பறக்கிற இடத்தில் ஒரு பொறி போதும் என்பது நியாயம்தான். மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் வேலை இல்லை என்பதுதான் யுவராணிக்கு நியாயமாகப் படவில்லை.

முதல் நாளே சிவப்பு. வாசல் செக்யூரிட்டி சைதூன் அவள் பையைக் கொட்டிப் பார்த்தாள். தூக்குச்சட்டியில் சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் மட்டும் இருந்தன.

அன்றிலிருந்து சேலையைப் பக்கத்து வீட்டில் துவைத்துக் காயப்போட்டாள். சில நாள் பச்சை விழுந்தது; ஆனால் தலைமுடியில் வாடை போகவில்லை. அடுத்த வாரம் சைதூனே பாவப்பட்டு, பஸ்ஸைவிட்டு இறங்கியவள் கழுத்தில் சென்ட்டைத் தடவிவிட்டாள். சென்ட்டில் இருந்த ஸ்பிரிட்டுக்கும் சிவப்பு விழுந்தது.

“நல்லது செய்றேன்னு என் பொழப்புல மண்ணப் போட்டியேக்கா.”

“இந்தச் சனியன் கல்யாண வீட்டு வாசனையையும் பிடிக்கும்னு நான் கண்டேனாடி?”

வீட்டுக்கு வந்து சடையாண்டியிடம் சொன்னாள். “இலையை வேற எங்கிட்டாச்சும் கட்டுங்க. வேலை போகப்போகுது.”

“எங்கிட்டுக் கட்ட? உங்க மில்லுக்காரன் கொட்டகை போட்டுத் தருவானா? எனக்கு ஒரு வாடையும் அடிக்கலையே.”

“எப்படி அடிக்கும்? உங்க மூக்கையும் சேர்த்துல்ல பாடம் பண்ணியாச்சு.”

மறுநாள் அவள் மெஷினுக்குள் நுழையவில்லை. வரிசையைவிட்டு விலகி, மேனேஜர் அசோக்குமார் வரும்வரை வாசலிலேயே நின்றாள்.

“சார், உள்ள போய்ச் சிவப்பு விழுந்தா அது மூணாவது. பையைப் பாருங்க. சைதூனக்காவை என் வாயை மோந்து பாக்கச் சொல்லுங்க. வீட்டு விட்டத்துல தொங்குற புகையிலைக்கு நான் என்ன பண்ண?”

“மெஷின் பொய் சொல்லாதும்மா.”

“சொல்லலதான் சார். வாடை இருக்கு, தீப்பெட்டி இல்ல. அந்த வித்தியாசம் மெஷினுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?”

அசோக்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சைதூன்தான் இடையில் புகுந்தாள். “ஷிப்டு முடிஞ்சு போகையில ஒருநாள் இவளை மெஷின்ல நிறுத்திப் பாத்தேன் சார், பச்சைதான். செத்த நேரம் காத்தாட நின்னா போயிரும்.”

அரை மணி நேரம் வெளியே நிற்கவைத்து, பிறகு உள்ளே விட்டார்கள். பச்சை. அதுவே அவளுக்கு மட்டுமான உத்தரவாகிவிட்டது.

வேலை தப்பியது. மில் பஸ் ஷிப்டு நேரத்துக்குத்தான் வரும் என்பதால் இப்போதெல்லாம் ஏழு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து முன்கூட்டியே வருகிறாள். எதிர்ப் பொட்டலில் காற்றைப் பார்த்து நின்று முந்தானையை உதறுகிறாள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள், “என்னடி, காஞ்சிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போகிறார்கள்.

“மழை பிடிச்சா என்னடி செய்வ?” என்று நேற்று சைதூன் கேட்டாள்.

“நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு, அக்கா” என்றாள் யுவராணி.