பன்னிரண்டாவது ரசீது

ஸ்டாண்டுக்குள் வண்டி விட வருகிறவரின் முகத்தை இசைவாணி பார்ப்பதில்லை. அவர் எதைப் பார்க்கிறார் என்றுதான் பார்ப்பார். ரயிலுக்கு ஓடுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், நிழலைத் தேடுவார்கள். நிதானமாக நின்று நாலு மூலையையும் பார்க்கிறவர் யாராவது வந்துவிட்டால், வண்டி சீட்டில் நம்பர் போடும் சாக்பீஸ் பாதியில் நின்றுவிடும். போன மாதம் ஒருவர் மதிலோரமாக அடி மேல் அடி வைத்து நடந்தார். மனையை அளக்கிறார் என்று இவர் சாக்பீஸைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார். பார்த்தால், மனிதர் ஒன்றுக்குப் போக மறைவிடம் தேடியிருக்கிறார். "ஏங்க, அதுக்கு ஸ்டேஷன்ல இடமில்லையா? என் உசுரையில்ல எடுத்துட்டீங்க!" என்று அன்றைக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

தஞ்சாவூர் ரயிலடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அந்த டூவீலர் ஸ்டாண்ட். மனை இசைவாணியுடையது அல்ல. மீரா சாகிப் என்பவருடையது. அந்தக் குடும்பம் மலேசியா போய் நாற்பது வருடம் ஆகிறது. கருவேல முள்ளும் குப்பையும் பன்றியுமாகக் கிடந்த இடத்தை, கணவர் இறந்த வருடம் இசைவாணி தானே அரிவாள் எடுத்து வெட்டிச் சுத்தம் செய்தார். மூத்த பெண்ணைக் கட்டிக்கொடுத்தது இந்த வருமானத்தில்தான். சின்னவளுக்கு நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

புல்லட்டையே இடுப்பால் ஒரு முட்டு முட்டி வரிசையில் சேர்த்துவிடுவார். ஆனால் தரையில் ஒரு கை சிமெண்ட் போடமாட்டார். கூரைத் தகரத்தைக்கூடச் சவுக்குக் கழியில் கயிற்றால்தான் கட்டியிருக்கிறார். "ஆணி அடிச்சோம்னா, பாத்தியா, சொந்தம் கொண்டாடுறான்னு எவனாச்சும் கெளப்பி விட்டுருவான்" என்பார். சொந்தம் கொண்டாடத்தான் இத்தனை வருடமாகக் காத்திருக்கிறார் என்பது வேறு விஷயம்.

பன்னிரண்டு வருடம் ஒரு இடத்தை ஆண்டு அனுபவித்தால் அது அனுபவித்தவருக்கே என்று சொல்லிவைத்தவர், தினமும் அங்கே வண்டி விடும் பத்திர எழுத்தர் இராஜாங்கம். கூடவே வரியும் கட்டிவந்தால் இன்னும் பலம் என்பது மட்டும் இசைவாணியின் சொந்தச் சரக்கு. வருடம் தவறாமல் மாநகராட்சி வரி கவுண்டரில் போய் நிற்பார். "மீரா சாகிப் மனைங்க." நீங்கள் யார் என்று கேட்டால், "அவங்க வீட்டு ஆளுதாங்க." பதினோரு ரசீதும் அரிசி டப்பாவுக்குள் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கின்றன.

பக்கத்து மனையும் ஒருகாலத்தில் இதே கோலம்தான். அதற்கு யாரும் வரி கட்டவில்லை. கேட்பாரில்லாத பாக்கி மனை என்று பட்டியலில் ஏறி, இப்போது ஒரு மகளிர் குழு அதை மாநகராட்சியிடம் குத்தகைக்கு எடுத்து மாவு மில் நடத்துகிறது. பத்து வருடத்துக்கு முத்திரைத்தாளில் எழுத்து. அந்த மில் ஓடும் சத்தம் இசைவாணிக்கு ஆகவே ஆகாது. தனக்கும் அப்படிக் கிடைக்குமா என்று போன வாரம் கவுண்டரில் இருக்கும் எழில்மொழியிடம் கேட்டுவைத்தார்.

"எப்படிக்கா கெடைக்கும்? பாக்கி இருந்தாத்தானே லிஸ்ட்ல வரும்? இந்த மனைக்குத்தான் வருஷா வருஷம் ஒழுங்கா வரி வந்திருக்கே."

"கட்டுறது நாந்தாம்மா!"

"ரசீது யார் பேர்லக்கா இருக்கு?"

பதினோரு வருடமாக, தன் கைக்காசைப் போட்டு, அந்த மனையை மீரா சாகிப்புக்குக் காபந்து பண்ணிக் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் இசைவாணிக்கு உறைத்தது.

இந்த வருட வரி கட்ட இன்று கடைசி நாள். கட்டினால் மனை மீரா சாகிப் பெயரிலேயே அசையாமல் நிற்கும். கட்டாவிட்டால் பாக்கி விழும், நோட்டீஸ் ஒட்டுவார்கள், மலேசியாவுக்குத் தபால் போகும், சும்மா கிடக்கிற வாரிசு கிளம்பி வந்துவிடுவார். வராவிட்டாலும், பட்டியலில் ஏறிய மனை தனக்கே கிடைக்கும் என்று என்ன நிச்சயம்? கட்டிவிடலாம் என்றால், இராஜாங்கம் சொன்ன பன்னிரண்டு இந்த ரசீதோடு நிறைகிறது. ஆனால் அந்தப் பேச்சையே இனி நம்பலாமா என்று தெரியவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

கவுண்டர் வரிசையில் முன்னால் நின்றவர் விலகினார். எழில்மொழி நிமிர்ந்து, "சொல்லுங்கக்கா" என்றாள். மீரா சாகிப் பெயர் வாய்வரை வந்துவிட்டது. இசைவாணி பின்னால் நின்ற பெரியவரைத் திரும்பிப் பார்த்து, "நீங்க போங்கய்யா" என்று வழிவிட்டார். பிறகு, மூன்றாவது முறையாக, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.