தட்டு விழும் வகுப்பு

தட்டைக் கீழே போடுகிறவர்தான் "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ண வேண்டும். அடுத்தவர் எண்ணிக் கொடுக்கக் கூடாது. தட்டக்காவின் வகுப்பில் சட்டம் என்று இருப்பது இது ஒன்றுதான். எவர்சில்வர் தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து, சுழன்று, அடங்கும்வரை இடுப்பில் கைவைத்து ரசிப்பார். "இன்னும் மேலேருந்து போடும்மா. தட்டு நம்மளுது, எவன் கேப்பான்?"

கேட்பதற்கு மாடியில் ஆள் இருந்தார், கட்டடச் சங்கத்தின் செயலாளர். அவரைப் பிறகு பார்ப்போம்.

கீழ்த்தளத்தில் காலியாகக் கிடந்த கடையில் வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு. வருகிற பன்னிரண்டு பெண்களும் சண்டையில் வீட்டையும் ஆட்களையும் இழந்து இந்த நகரத்துக்கு வந்தவர்கள். எங்காவது கதவு அறைந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார்கள். "சத்தம் எப்பவும் அடுத்தவன் கையிலேருந்தே வந்துச்சு. ஒரு தடவை நம்ம கையிலேருந்து வரட்டுமே" என்பார் தட்டக்கா. நர்ஸாக இருந்து, நாற்பது வயதுக்கு மேல் மனநல ஆலோசனை படித்தவர். வகுப்பை நடத்தும் தொண்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அனுப்பிய மூச்சுப்பயிற்சிப் புத்தகம் அவருடைய மேசைக்காலுக்கு அடியில் நன்றாகவே உழைக்கிறது.

இவ்வளவு வாய் பேசுகிறவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. வகுப்பு முடிந்து வாட்ச்மேன் ஷட்டரை இழுக்க வந்ததும், "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று தெருமுனைக்கு நழுவிவிடுவார். இவருடைய சொந்த ஊரில் சண்டை மூண்ட அன்று, உள்ளே இருந்த நோயாளிகளைக் காப்பாற்ற தான் வேலைபார்த்த கிளினிக்கின் ஷட்டரை இழுத்து மூடியவர் இவர்தான். மூடிய பிறகும் வெளியே யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள். திறக்க இவருக்குக் கை வரவில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை செயலாளர் இறங்கி வந்தார். "ஆறுதல் சொல்றதைக் கொஞ்சம் அமைதியா சொல்லக் கூடாதாம்மா?"

"அமைதியா இருங்கன்னு துப்பாக்கி வச்சிருந்தவனும்தான் இவங்ககிட்ட சொன்னான், சார்."

செயலாளருக்கு முகம் சிவந்தது. "சரி. இன்னைலேருந்து வாட்ச்மேன் உங்க ஷட்டரைத் தொடமாட்டான். நீங்களே மூடிப் பூட்டிக்கோங்க. ஒரு நாள் பூட்டாம விட்டாலும் இந்த இடம் உங்களுக்குக் கிடையாது."

வகுப்பு முடிந்து எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். தட்டக்காவின் கால் பழக்கப்படி தெருமுனைப் பக்கம் திரும்பியது. ஐந்து வாரமாகத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போடாமலே இருக்கும் தையல்காரிதான் கேட்டாள்:

"டீயா, அக்கா?"

அவள் கேட்டதில் கிண்டல் இல்லை. இன்று நழுவினால் இடம் போகும், இந்தப் பெண்ணும் தட்டை என்றைக்கும் போடமாட்டாள். கொக்கிக் கம்பியை எடுத்து ஷட்டரில் மாட்டினார். இழுக்காமல் நின்றார். தையல்காரி எண்ணுவதற்கு வாயைத் திறந்தாள்.

"யாரும் எண்ணாதீங்க!" என்று அதட்டினார் தட்டக்கா. "ஒண்ணு. ரெண்டு."

மூன்று சொல்லச் சற்று நேரமானது. சொன்னார். ஷட்டர் இறங்கித் தரையில் மோதிய சத்தத்தில் மாடி ஜன்னல் திறந்தது.

தட்டக்கா பூட்டைத் தையல்காரியின் கையில் கொடுத்தார். "அடுத்தது நீ எண்ணிப் போடு." பிறகு குனிந்து, அன்று திறக்க வராத இரண்டு கைகளாலும் அந்த ஷட்டரை உச்சிவரை தூக்கித் திறந்தார்.