சாப்பாட்டு மிஸ்ஸி

நர்சு பஞ்சாலைக்குச் ‘சாப்பாட்டு மிஸ்ஸி’ என்ற பேர் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் பிறந்தது. மனநோய் வார்டில் மற்ற நர்சுகளைப் போல அவளும் ஊசி போட்டாள், மாத்திரை கொடுத்தாள். ஆனால் சாப்பிடவே பயப்படுகிற நோயாளி யாராவது வந்துவிட்டால் டாக்டர் ராமசாமி அவளைத்தான் கூப்பிடுவார். தட்டு வரும்போது பக்கத்தில் போய் உட்கார வேண்டும். தட்டு காலியான பிறகும், உண்டதை வெளியே தள்ளிவிடாமல் இருக்க, வெகுநேரம் கூடவே இருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. குந்திக்கொண்டே சம்பளம் வாங்குகிறாள் என்று ஆயாக்கள் பேசிக்கொள்வது அவள் காதுக்கும் வந்தது.

மலாய் நாட்டில் கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள். எழுபதுகளில் நர்சு படிப்புக்கு இங்கிலாந்து போனாள். அங்கே இந்த நோய்க்கென்றே இருந்த தனி வார்டில் சில வருஷம் வேலை செய்தாள். சிரம்பானுக்குத் திரும்பிய போது இங்கே தனி வார்டும் இல்லை, மாற்றிவிட ஆளும் இல்லை. இருந்தது அவள் ஒருத்திதான்.

வீட்டில் அவள் நின்றுகொண்டே சாப்பிடுவாள். ரயில்வேயில் வேலை செய்த கணவர் ஆறுமுகம், உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனார். ஒரு தட்டுக்கு முன்னால் இன்னொரு தடவை உட்கார அவளுக்கு உடம்பு வணங்கவில்லை.

எண்பத்தைந்தாம் வருஷம் மாரியம்மா வார்டுக்கு வந்தாள். செண்டாயான் பக்கத்துத் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை பார்த்துக்கொண்டவள். தாய்மார் பால்வெட்டப் போன பிறகு, அவர்கள் விட்டுப் போன பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுகிற வேலை. வயது முப்பதைத் தொடவில்லை. பிள்ளை வரம் கேட்டு விரதம் இருக்கத் தொடங்கினாள். பிள்ளை வரவில்லை, விரதமும் முடியவில்லை. முதலில் ஒருவேளைச் சோறு நின்றது, பிறகு பாலும் பழமும் ஆனது, பிறகு அதுவும் குறைந்தது. தோட்டத்துச் சனம் கவலைப்படவில்லை. அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று அவள் கையால் திருநீறு வாங்க வந்தது. ஒருநாள் ஆயாக்கொட்டகையில் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். தோட்டத்து மருந்துக்கொட்டகை டிரெஸ்ஸர் நாடியைப் பார்த்துப் பயந்து, அவள் புருஷன் முருகையா ஓட்டுகிற ரப்பர் பால் லாரியிலேயே ஏற்றி அனுப்பினார்.

வார்டில் அவள் தொந்தரவே கொடுக்கவில்லை. சிரித்த முகமாகத் தட்டை வாங்கிக்கொள்வாள். மூன்றாம் நாள் படுக்கையை உதறும்போது தலையணை உறைக்குள்ளிருந்து காய்ந்த சோறு கொட்டியது. பஞ்சாலை அதை அள்ளிப் போட்டுவிட்டு, அடுத்த வேளை நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டாள்.

“ஏன் மிஸ்ஸி ஏச மாட்றீங்க?” என்று கேட்டாள் மாரியம்மா.

“ஏசினா சோறு உள்ள எறங்குமா?”

அதற்குப் பிறகு மாரியம்மாவின் சிரிப்பு போய்விட்டது. ஒரு மத்தியானம் தட்டைத் தூக்கி எறிந்தாள். பருப்பும் சோறும் பஞ்சாலையின் வெள்ளை உடுப்பில் வழிந்தன. தன் விரதத்தைக் கெடுக்க வந்த பேய் என்று கத்தினாள். பஞ்சாலை கழிவறைக்குப் போய்க் கறையைத் தேய்த்தாள். கறை போகவில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். கோபத்தில் வந்த அழுகை இல்லை, அலுப்பில் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு சமையல்கட்டில் இன்னொரு தட்டு வாங்கி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். மாரியம்மா சுவரைப் பார்த்தபடி மெல்லிய குரலில் சொன்னாள்:

“சாப்பிட்டா நான் வெறும் மாரியம்மா ஆயிருவேன் மிஸ்ஸி. பிள்ள இல்லாத மாரியம்மா.”

படித்த பாடத்தில் இதற்கு ஒரு பதில் இருந்திருக்கும். பஞ்சாலை தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“வெறும் மாரியம்மாவுக்குத்தான் இந்தச் சோறு கொண்டாந்தேன்” என்றாள்.

மாரியம்மா அன்றைக்கு நாலு வாய் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

உடம்பு ஓரளவு தேறி வீட்டுக்குப் போக மாதக்கணக்கானது. முருகையாவை உட்காரவைத்துப் பஞ்சாலை சொல்லிக்கொடுத்தாள். கெஞ்சக் கூடாது, மிரட்டக் கூடாது, எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்கக் கூடாது. கூடவே உட்கார்ந்து தானும் சாப்பிட வேண்டும், லாரியைப் பற்றி ஏதாவது பேச வேண்டும். அவன் தலையாட்டினான். டாக்டரிடம் சொல்லி, லீவு நாளில் தோட்டத்துக்குப் பஞ்சாலையே பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்தாள். மழைக்காலத்தில் செம்மண் ரோட்டில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

திருவிழா வந்தது. சனம் பழத்தட்டோடு மாரியம்மா வாசலில் நின்றது. வேலையாட்களை மேய்க்கிற தோட்டத்து மண்டோரே காலில் விழுந்தார். முருகையாவால் தடுக்க முடியவில்லை. அடுத்த மாதம் பஞ்சாலை போனபோது கதவைத் திறந்தவளின் கழுத்தெலும்பைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்துவிட்டது. மறுபடியும் வார்டு, மறுபடியும் அதே நாற்காலி. இதற்கு முடிவே கிடையாதா என்று பஞ்சாலை கேட்டபோது டாக்டர், சிலருக்கு உண்டு, சிலருக்குக் கிடையாது, நாம் உட்கார்ந்திருப்பதுதான் வழி என்றார். அவர் முகமும் களைத்துத்தான் இருந்தது.

இரண்டாம் முறை மாரியம்மா வீடு திரும்பிய சில காலத்தில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து வரிசை வீட்டுச் சனம் ஆளுக்கொரு திசையில் போனது. முருகையா சிரம்பான் ஓரத்தில் தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றில் மலிவு வீடு பிடித்தான். பக்கத்து வீடுகளில் சீனரும் மலாய்க்காரரும். மாரியம்மா யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. காலில் விழ ஆளில்லை. முதல் சில மாதம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். பஞ்சாலை மோசமானதைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் பிறகு மாரியம்மா ஒரு கேண்டீனில் கோப்பை கழுவும் வேலைக்குப் போனாள். அங்கே எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவளும் உட்கார்ந்தாள்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சாலை அந்த வீட்டுக்குப் போனாள். வார்டில் அப்போது இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி கல்லூரிப் பெண், இன்னொருத்தி மூன்று பிள்ளை பெற்றவள். முந்தின நாள் பூராவும் அவர்களோடு உட்கார்ந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. மாரியம்மா மெலிந்துதான் இருந்தாள், இனி பூரித்துவிடப் போவதுமில்லை. சோற்றில் கொஞ்சத்தை ஒதுக்கி வைப்பதையும் பஞ்சாலையின் கண் பார்த்துவிட்டது.

“கொழம்புல உப்புக் கூடிருச்சு லா” என்று மாரியம்மா சமைத்த புருஷனிடம் எரிந்து விழுந்தாள். முனகிக்கொண்டே மறுபடியும் பிசைந்து சாப்பிட்டாள்.

சந்தோஷப்பட்டுவிடவும் பஞ்சாலைக்குப் பயமாக இருந்தது. முருகையா பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தான். அடுத்த மாதம் வருவீர்களா மிஸ்ஸி என்று கேட்டான். வருவேன் என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ராசா என்ற ஊரைத் தாண்டுமுன் தூங்கிப் போனாள்.