முனியாண்டி குடித்த ஸ்டவுட்

என் தம்பி முகுந்தன் கிள்ளான் பக்கம் மேருவில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். புறப்படுமுன் ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டி ஓசை கேட்பான். பெட்டியின் நான்கு மூலைப் பூட்டுகளையும் கையால் இழுத்துப் பார்ப்பான். அவன் லோரியால் இதுவரை யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அக்கா என்பதற்காக நான் சொல்லவில்லை, கிள்ளான் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் வருஷத்தில் ஒரு நாள், படையலன்று, அவன் வாயில் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் இறங்கும். அப்பா போன பிறகு எங்கள் குடும்பத்து முனியாண்டி அவன்மேல்தான் வருகிறது. படையலில் வைத்ததைக் குடித்த பிறகுதான் சாமி குறி சொல்லும். சாமி குடித்தது ஆளுக்கு ஏறாது என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். அப்பாவும் படையல் முடிந்த கையோடு மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

இப்போது சட்டம் வேறு. குடித்துவிட்டு ஓட்டி முதல் தடவை பிடிபட்டாலே சிறைக்குப் போக நேரலாம். லைசென்ஸ் இரண்டு வருஷத்துக்காவது போய்விடும். லைசென்ஸ் இல்லாத முகுந்தனுக்கு வேறு தொழில் தெரியாது. அதனால் படையல் நாளில் அவன் மனைவி வாணிதான் கார் ஓட்டுவாள்.

போன வருஷம் ஞாயிறு மதியம் படையல். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நாகையா மாமா ஸ்டவுட்டோடு வந்தார்.

"முன்ன மாதிரி மளிகைக் கடையில சம்சு சாராயம் விக்க விடமாட்டேங்குறான். முனியாண்டிக்கே கட்டுப்பாடுதான் போ!" என்றார்.

உறுமி அடித்ததும் சாமி வந்தது. லெட்சுமி சின்னம்மா மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் கூடும் என்று குறி சொன்னது. சின்னம்மா திருநீற்றை மூடிய கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

சாமி இறங்கி, முகுந்தன் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கம்பெனி சூப்பர்வைசர் கிஷன் அழைத்தான். அவன் கை ஈரமாக இருந்ததால் வாணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, ஒரே ஒரு டிரிப் லா. டிரைவர் விமலனுக்குக் காய்ச்சல். சாயங்காலத்துக்குள்ள பெட்டி போர்ட்டுக்குப் போகலைனா கப்பல் போயிரும்."

"இன்னிக்கி முடியாது தம்பி."

"ஏண்ணே? பாஸ் கேட்டா நான் என்ன சொல்ல?"

நாகையா மாமா குறுக்கே வந்தார். "போயிட்டு வாடா! குடிச்சது நீயா? சாமிடா. மெஷின்ல ஊதினாலும் ஒண்ணும் காட்டாது."

போனில் கிஷனின் குரல் மாறியது. "யாருண்ணே குடிச்சா? நீங்க குடிக்கமாட்டீங்களே?"

சாமிதான் குடித்தது என்றால் லோரியை எடுக்க வேண்டும். தான் குடித்தேன் என்றால் அத்தனை பேர் முன்னாலும் சாமி வரவில்லை என்று ஆகிவிடும். முகுந்தன் சின்னம்மாவைப் பார்த்தான். அப்புறம் போனைப் பார்த்துச் சொன்னான்.

"நான்தான் குடிச்சேன் தம்பி. வண்டி எடுக்க முடியாது."

போன் துண்டிக்கப்பட்டது. உறுமிக்காரர்கூட எழுந்து நின்றுவிட்டார்.

"அப்ப என் மகளுக்குச் சொன்னது யாருய்யா?" என்று சின்னம்மா கேட்டார். அவர் கையை விரித்துத் திருநீற்றைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

மறு வாரமே அவனைத் துறைமுக ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது யார்டுக்குள்ளேயே பெட்டிகளை இடம் மாற்றுகிறான். காலையில் கருவியில் ஊதிக் காட்டினால்தான் சாவி தருவார்கள். மற்ற டிரைவர்கள் "முனியாண்டி வந்துட்டாரு, வழி விடுங்க" என்று சிரிக்கிறார்கள். சொந்தக்காரர்களும் சாமி அவனை விட்டுப் போய்விட்டது என்கிறார்கள். ஆனால் வேறு யார்மேலும் அது இறங்கவில்லை. அதனால் இந்த வருஷமும் உறுமிக்கு முன்னால் அவனைத்தான் நிற்கச் சொல்கிறார்கள்.

"ஸ்டவுட்டுக்குப் பதிலா கோப்பி வச்சுக் கும்பிடலாமே மாமா," என்று கேட்டுப் பார்த்தான்.

"முனியாண்டி என்ன ஆபீஸ்லயா வேலை பாக்குது?" என்றார் மாமா.

நிற்காமல் இருந்துவிடேன் என்று நான் சொன்னேன்.

"உறுமிச் சத்தம் கேட்டா வந்துருதுக்கா. நான் கூப்புடறதில்ல," என்றான். பிறகு சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்தான். "படையலுக்கு மறுநாள் காலையில ஊதணும். லீவு கேக்கலாம். ஏன்னு கேட்டா என்னக்கா சொல்றது?"

படையலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவன் இன்னும் லீவு கேட்கவில்லை.