பேர் சொல்லும் நாளும் கண்ணம்மாவின் அடுப்பும்

கண்ணம்மாவின் கைக்குத் தனி மணம் என்று அண்ணனூர் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலையில் ஸ்டேஷனுக்கு வெளியே அவள் ஆப்பச்சட்டியை வைத்து உட்கார்ந்தால், டூட்டி முடிந்தவனும் டூட்டிக்குப் போகிறவனும் ஒன்றாக நிற்பான். தின்று முடித்துக் கை கழுவும்போதே அவளைப் பார்த்துக் கை தட்டிக் காட்டிக் கேலி செய்கிறவர்களும் இதே ஆட்கள்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? திருநங்கை என்ற மரியாதையான சொல் எண்பதுகளில் யார் வாயிலும் இல்லை. ஊர் கைவசம் வைத்திருந்த சொற்களை இங்கே எழுதி நான் ஏன் காகிதத்தைப் பாழாக்க வேண்டும்?

அவள் குடியிருந்தது முத்தாபுதுப்பேட்டையில் ஓர் ஓட்டு வீடு. அவளைப் போன்றவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். வீட்டுக்குப் பெரியவள் பஞ்சவர்ணம். ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் உத்தமன் என்ற பிள்ளையாகப் பிறந்து, மீசை அரும்பும் வயதில் வீட்டை விட்டு வந்தவள். அந்தப் பழைய பேர் கண்ணம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவள் அக்கா, அவ்வளவுதான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலுக்குப் போய், சாமிக்கு மனைவியாகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து, வெள்ளைப் புடவையோடு திரும்பி வருவார்கள். சில நாள் துக்கம் காத்து, குளித்து, மறுபடி பூ வைத்துக்கொள்ளும் நாளில் கூடத்தில் பெரிய தலைவாழை இலை போட்டுச் சோறு படைப்பார்கள். அது செத்துப்போனவர்களுக்கான இலை. அதன் முன்னால் பஞ்சவர்ணம் உட்கார்ந்து, அந்த வீட்டிலும் அதற்கு முன் இருந்த வீடுகளிலும் வாழ்ந்து செத்தவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்வாள். பெற்றவர்கள் வைத்த பேரை அல்ல, அவர்களாக விரும்பி வைத்துக்கொண்ட பேரை. ஒவ்வொரு பேரோடும் அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் உண்டு.

"பட்டாபிராம் ரஞ்சிதம். தூங்கறப்போ கூட கொலுசு கயட்டாதவ!"

"கீறா!" என்று மொத்த வீடும் கத்தும். இருக்கிறாள் என்று, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது மாதிரி.

"கல்யாணி. போலீஸ்காரனையே அழ வச்சி டீ வாங்கிக் குட்சவ!"

"கீறா!"

சிரிப்பும் அழுகையுமாக அது நீண்டுகொண்டே போகும். எதையும் எழுதி வைக்கக் கூடாது என்பது பழைய கட்டளை. எழுதினால் என்றைக்காவது ரெய்டில் போலீஸ் கையில் சிக்கும், அப்புறம் உயிரோடு இருப்பவர்களைத் தேடி வருவார்கள் என்ற பயம். அதனால் எல்லாப் பேரும் பஞ்சவர்ணத்தின் நெஞ்சில்தான் இருந்தன.

அந்த நேரத்தில் கண்ணம்மா எங்கே இருப்பாள்? அடுப்படியில்தான். பேர் சொல்லி முடித்ததும் சுடச்சுடச் சோறு விழ வேண்டும், அதுவும் அவள் கையால் விழ வேண்டும். வருஷா வருஷம் பஞ்சவர்ணம் கூடத்திலிருந்து குரல் கொடுப்பாள்.

"ஏண்டி, எனக்கு அப்பறம் நீதான் சொல்லணும். வந்து ஒக்காந்து கேளுடி."

"காதுல வுழுந்துகினுதான் கீது. நீ சொல்லுக்கா. கொழம்பு அடி புட்சா அப்பால யாரு துன்றது?"

காதில் விழத்தான் செய்தது. தாளிக்கும் சத்தத்துக்கும் தேங்காய் அரைக்கும் சத்தத்துக்கும் நடுவே அரைகுறையாக விழுந்தது. அக்கா எங்கே போய்விடப் போகிறாள், அடுத்த வருஷம் கேட்டுக்கொள்ளலாம் என்பது கண்ணம்மாவின் எண்ணம். சமைப்பவளுக்குப் பந்தியில் உட்காரும் பழக்கம் எப்போது வந்தது?

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் பஞ்சவர்ணத்துக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், மந்திரித்தார்கள். கண் மஞ்சளாகி வயிறும் வீங்கியபோது பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆண்கள் வார்டில் பெண் மாதிரி இருக்கிறாள் என்றார்கள், பெண்கள் வார்டில் ஆண் என்றார்கள். இரண்டு வார்டுக்கும் நடுவில் வராந்தாவில் பாய் போட்டார்கள். அவர்களுக்கு ஊர் ஒதுக்கியிருந்த இடம் ஆஸ்பத்திரியிலும் மாறவில்லை.

மறுநாள் காலையில் பஞ்சவர்ணம் கண்ணம்மாவின் முந்தானையைப் பிடித்தாள்.

"ஒக்காருடி. பேருங்கள சொல்றேன், புட்சிக்கோ."

கண்ணம்மாவுக்கு அந்தக் கண்களைப் பார்த்ததும் வேறொரு நினைப்புதான் வந்தது. அக்காவைப் பெற்றவள் ஆவடியில், ரயிலேறினால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறாள். கடைசியில் ஒரு தடவை முகம் பார்க்காமல் போகலாமா? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே. கண்ணம்மாவின் சொந்தத் தாய், இவள் முகத்தைப் பார்க்க வராமலே செத்தவள். அந்த வலி அவளை உட்கார விடவில்லை.

"அப்பால சொல்லுக்கா. மொதல்ல உங்கம்மாவ இட்டுகினு வந்துர்றேன்."

"வேணாண்டி. அவுங்க வந்தா உத்தமனப் பாக்கத்தான் வருவாங்க. என்னியப் பாக்க இல்ல. நீ ஒக்காரு."

கண்ணம்மா உட்காரவில்லை. ரயிலேறி ஆவடி போய்விட்டாள்.

குவார்ட்டர்ஸில் அந்தத் தாய் வாசலுக்கு வந்தாள், விஷயத்தைக் கேட்டாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் பெரிய மகன் கஜபதி வராமல் கிளம்ப மாட்டேன் என்றாள். அவனும் அதே ஃபாக்டரியில் வேலை. சங்கு ஊதி அவன் வரும்வரை கண்ணம்மா குழாயடியில் காத்து நின்றாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் அவளைக் கண்டதும் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். கஜபதி வந்து, கேட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் அம்மாவோடு பேசினான். பிறகு ஒரு மஞ்சள் பையோடு வெளியே வந்தான். தம்பிக்குப் பழம் எடுத்துக்கொண்டு வருகிறான் என்று கண்ணம்மாவுக்கு மனம் குளிர்ந்து போனது. பைத்தியக்காரி.

அவர்கள் போய்ச் சேரும்போது பஞ்சவர்ணத்துக்குப் பேச்சு நின்றிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. கண்ணம்மா வாயருகே காதை வைத்தாள், மூச்சுதான் வந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அதுவும் நின்றது.

கஜபதி கண்ணம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துப் பேசினான்.

"நாங்க எடுத்துகினு போய்ட்றோம். நீங்க யாரும் வராதீங்க. எம்பொண்ணுக்குக் கல்யாணம் ஆவணும்."

மஞ்சள் பையிலிருந்து பழம் வரவில்லை. புது வேட்டியும் சட்டையும் வந்தன. ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியில் கடை போட்டிருந்த நாவிதர் ஒருவரைக் கூட்டிவந்தான். அந்தத் தாய் மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தலமுடிய மட்டும் வுட்டுடு கஜா. எம்மாம் நீளம் வளத்து வச்சிகீறான் பாரு."

"ஊர்ல இன்னான்னு சொல்றதும்மா?" என்று கேட்டான் அவன். அவனைத் திட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் கத்தரி ஓடும்போது அவன் திரும்பி நின்று தேம்பி அழுததைக் கண்ணம்மா பார்த்திருக்கிறாள்.

சுடுகாட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று வீட்டார் எல்லோரும் புகையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பதினாறாம் நாளுக்குக் குவார்ட்டர்ஸ் சுவரில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனின் படம், கீழே உத்தமன் என்ற பேர். அந்தப் பையனைக் கண்ணம்மாவுக்கு அடையாளமே தெரியவில்லை.

அடுத்த சித்திரை வந்தது. கூடத்தில் இலை போட்டார்கள். எல்லோரும் கண்ணம்மாவைப் பார்த்தார்கள். அவள் முதல் தடவையாக இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"பட்டாபிராம் ரஞ்சிதம். தூங்கறப்போ கூட கொலுசு கயட்டாதவ."

"கீறா!"

"கல்யாணி. போலீஸ்காரனையே அழ வச்சி டீ வாங்கிக் குட்சவ."

"கீறா!"

இன்னும் சில பேர் வந்தன. அப்புறம் மூக்குத்தி போட்ட ஒருத்தி ஞாபகம் வந்தாள், பேர் வரவில்லை. பொன்னேரிக்காரி ஒருத்தி வந்தாள், அவள் என்ன செய்தவள் என்பது வரவில்லை. பேர்கள் அந்த இடத்துக்கு வரும்போதுதான் வருஷா வருஷம் அவள் தாளிப்பாள். கடுகு வெடிக்கும் சத்தம் அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா இருக்கிறாள் என்ற தைரியத்தில் 'கீறா' என்று கத்த மட்டும் பழகியவர்கள் அவர்கள். பேரில்லாமல் யாரைப் பார்த்துக் கத்துவது?

கண்ணம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பேரைச் சொன்னாள்.

"பஞ்சவர்ணம். ஒக்காருடின்னு சொன்னவ. நான் ஒக்காரல."

"கீறா" என்று வீடு சொன்னது. யாரும் கத்தவில்லை.

அதற்குப் பிறகு பேர் சொல்லும் நாளில் கண்ணம்மா அடுப்பு மூட்டுவதில்லை. சோறும் குழம்பும் ஆவடி ஓட்டலிலிருந்து வருகின்றன. புதிதாக வந்த பெண்கள், "கண்ணம்மாக்கா ஊட்ல கீறப்போ இந்தத் தண்ணிக் கொழம்பத் துன்றதா?" என்று முணுமுணுக்கிறார்கள். கண் கெட்ட பிறகு என்ன சூரிய நமஸ்காரம் என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஆனாலும் விடியற்காலையிலேயே குளித்து, இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். கேட்க அவள் இருக்கிறாள். சொல்லத்தான் ஆள் இல்லை.