உடையவர் இல்லை என்று நான் எழுதிய துடுப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நாங்கள் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகளாக இருந்த காலம். நாகர்கோவிலில் ஒரு மிஷன் பள்ளியில் நான் ஆசிரியை. என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று யாரோ சொல்லப்போக, பக்கத்துக் கல்லூரியின் காட்சிசாலை அறைக்குச் சனிக்கிழமைதோறும் பெயர்ச்சீட்டு எழுத என்னை அனுப்பினார்கள்.

அறை சந்தைக்கடை மாதிரி இருந்தது. நாகர்கோவில்காரர் ஒருவர் 'சுளவு' என்று சீட்டு ஒட்டியிருந்தார். அதே சாமானுக்குக் குழித்துறைக்காரர் 'முறம்' என்று ஒட்டி வேறு அலமாரியில் வைத்திருந்தார். பொறுப்பிலிருந்த வெள்ளைக்காரத் துரை நன்றாகத் தமிழ் பேசுவார். "ஒரு பொருளுக்கு ஒரே பெயர், அம்மா. பிறகு என்ன தொழிலுக்கு உரியது, எங்கே கிடைத்தது, யாருடையது. எல்லாச் சீட்டிலும் இதே வரிசை, இதே சொற்கள்" என்றார்.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. வீட்டில் இருந்தால் நினைப்புதான் வரும். என் வீட்டுக்காரர் கணக்கு எழுதும் வேலைக்குக் கொழும்பு போயிருந்தார். முதலில் ஒழுங்காகக் காகிதம் வந்தது. பிறகு நின்றுபோயிற்று. போய் வந்தவர்களிடம் விசாரித்தால் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

மண்வெட்டிகளுக்கு நடுவே ஒரு நாள் நீளமான பலகை ஒன்றைப் பார்த்தேன். விவசாயக் கருவி என்று யாரோ எழுதியிருந்தார்கள். கட்டுமரத் துடுப்பு அது. முட்டம் கரையில் ஒதுங்கிக் கிடந்ததை உலாவப் போன வாத்தியார் ஒருவர் எடுத்து வந்தாராம். வாசலுக்கு நேரே கடல் சாமான்களோடு சாய்த்து வைத்து, முறைப்படி சீட்டு எழுதினேன்: துடுப்பு. மீன்பிடி. முட்டம் கரையில் கிடைத்தது. உடையவர் இல்லை.

கொஞ்ச நாளில் அறையை ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். கோட்டாறு சந்தையில் கருவாடு விற்றுவிட்டு வந்த ஒரு பெண் தலையிலிருந்த ஓலைக் கடவத்தை வாசலில் இறக்கி வைத்து எட்டிப் பார்த்தாள். மணக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. உள்ளே வந்தவள் துடுப்பின் முன் அப்படியே நின்றுவிட்டாள். கைப்பிடிக்குக் கீழே கத்தியால் கீறிய சிலுவை ஒன்று இருந்தது. அதன் மேல் விரலை வைத்தாள்.

"டீச்சரம்மா, இதில என்ன எழுதியிருக்கு?"

வாசித்துக் காட்டினேன்.

"உடையவரு இல்லேண்ணு ஆரு சொன்னா?" சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "இது எனக்க மாப்பிளெ வெட்டின சிலுவை. ஆடி மாசம் கடலுக்குப் போனாரு. இன்னும் வரல்ல."

உள்ளேயிருந்த துரையை அழைத்து வந்தேன். அவர் கேட்டுவிட்டு, "இது உங்களுடையது. கொண்டு போங்கள்" என்றார்.

அவள் பின்னால் நகர்ந்தாள். "வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு போனா, அவரு இனி வரமாட்டாருண்ணு நானே சொன்னது போல ஆவும். இங்கயே இருக்கட்டும். அந்தச் சொல்ல மட்டும் மாத்துங்க."

துரை தயங்கினார். காலஞ்சென்ற இன்னார் என்று எழுதுவதுதான் வழக்கம் என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அவளுக்குக் கேட்டுவிட்டது. என் முகத்தையே பார்த்தாள்.

புதுச் சீட்டு எடுத்தேன். புருஷன் பேரை அவள் வாயால் சொல்ல மாட்டாள். எங்க கோவில் புனிதருக்க பேருதான் என்றாள். எனக்குத் தெரிந்த அந்தப் பேரை எழுதி, பக்கத்தில் 'கடலுக்குப் போயிருக்கிறார்' என்று எழுதினேன். எந்தச் சீட்டிலும் இல்லாத சொற்கள். துரை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாமே அதை ஒட்டினார்.

அதன்பின் சந்தைக்கு வரும்போதெல்லாம் அவள் வருவாள். துடுப்பைத் தொடமாட்டாள். சற்று நேரம் நின்றுவிட்டு, "வாறேன் டீச்சரம்மா" என்று போவாள். சில நாள் நான் அவளுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுப்பேன். படியில் உட்கார்ந்து குடிப்போம். கொழும்பைப் பற்றி அவளிடம் ஒரே ஒரு முறை சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வருஷங்கள் போயின. ஒரு நாள் கடவம் இல்லாமல், வெளுத்த சேலை உடுத்து வந்தாள்.

"மூத்தவளுக்குக் கலியாணம். கோவில்ல பூசைல தாய் தேப்பன் பேரு சொல்லி கலியாண ஓலை வாசிக்கணும். தேப்பன் உண்டுமாண்ணு சாமியாரு கேட்டாரு." துடுப்பின் பக்கம் திரும்பினாள். "இல்லேண்ணு சொல்லிட்டேன். இனி அத எடுத்துத் தாருங்க."

எடுத்துக் கொடுத்தேன். பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் நடந்து போனாள். கல்லூரி வேலியில் சாய்ந்து, அவள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்குத் தலை நரைத்துவிட்டது. வீட்டுக்காரரைப் பற்றி யாராவது கேட்டால் "கொழும்புக்குப் போயிருக்கார்" என்றுதான் இன்றும் சொல்கிறேன். அவளுக்கு வாய்த்த துணிவு எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆனால் காத்திருப்பவளிடம் போய், இனி அவர் இல்லை என்று அவளுக்கு முந்திக்கொண்டு சொல்ல உலகத்தில் யாருக்கும் உரிமையில்லை என்பதை மட்டும் அவளால் தெரிந்துகொண்டேன்.