கடலில்லாத ஊரில் மீன் தேடும் வேலை

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, மீன் எங்கே கூடும் என்று கடலோரக்காரர்களுக்குச் சொல்வது என் வேலை. வைட்ஃபீல்டில் ஏழாவது மாடி. செயற்கைக்கோள் படங்களில் கடல்நீரின் சூட்டையும் நிறத்தையும் பார்த்து, மீன் இருக்கக்கூடிய இடத்தைப் படகுக்காரர்களின் போனுக்கு அனுப்புவோம். நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லும் வேலையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; நம் பாடு நமக்குத்தான் தெரியும்.

மூன்று நாள் மேகம்

மேகம் மூடினால் எங்கள் படத்தில் வெறும் வெள்ளைதான். அப்படி மூன்று நாள் தகவல் அனுப்பாதபோது நாகப்பட்டினத்திலிருந்து ஆரோக்கியம் அண்ணன் கூப்பிட்டார். சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவர். மேகம் மறைக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்றேன். அதற்கு அவர் சொன்னார்: "ஒண்ணும் தெரியலேன்னாலும் நாங்க போகத்தானேம்மா செய்யிறோம்."

கிட்டத்துப் பார்வை

சிவாஜிநகரில் எனக்கு வழக்கமாக மீன் தரும் மஸ்தான் பாய், என்ன வேலை என்று ஒருநாள் கேட்டார். பெருமையாகவே சொன்னேன். ஒரு வஞ்சிரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "அவ்ளோ மேலேருந்து பார்க்கிறது இருக்கட்டும் மேடம். இது இன்னைக்கு வந்ததா, நேத்து வந்ததா, சொல்லுங்க."

காற்று

ஒருமுறை கரையிலிருந்து வெகுதூரத்தில் நல்ல இடம் தெரிந்தது. அனுப்பினோம். காற்றைப் பற்றிச் சொல்வது எங்கள் வேலையில்லை என்று இருந்த காலம் அது. ஆரோக்கியம் அண்ணன் மூன்று பேரோடு போனார். மதியம் திரும்ப வேண்டியவர் மாலைவரை வரவில்லை. அவர் மனைவி எனக்கே போன் செய்து, நாங்கள் காட்டிய இடம் எது என்று கேட்டார். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒவ்வொன்றாக, இருமுறை படித்துச் சொன்னேன்.

அந்த இடத்தை வைத்துத் தேடிப் போன படகுகள், காற்றிலும் அலையிலும் என்ஜின் நின்று மிதந்துகொண்டிருந்த நால்வரையும் மறுநாள் காலையில் கரைசேர்த்தன. சாயங்காலம் ஆரோக்கியம் அண்ணனே போனில் பேசினார். மன்னிப்புக் கேட்டேன். "மீன் நீங்க சொன்ன இடத்துலதாம்மா இருந்துச்சு. காத்தும் அங்கேதான் இருந்துச்சு. அதையும் சொல்லியிருக்கலாம்."

முதல் வரி

என்னோடு வேலை பார்க்கும் ரூபாவும் நானும் மேலாளரிடம் போனோம். இனிமேல் காற்று நிலவரம் முதல் வரியில் வர வேண்டும், வேகம் அதிகமென்றால் மீன் இருக்கும் இடத்தையே அனுப்பக் கூடாது என்றோம். தகவல் குறைந்தால் ஆட்கள் நம்மை விட்டுப் போவார்கள் என்று அவர் தயங்கினார். கடைசியில் ஒத்துக்கொண்டது ரூபாவின் ஒரு பேச்சுக்குத்தான்: "கடல்லேருந்து திரும்பி வந்தாத்தானே சார் அவங்க கஸ்டமர்?"

காற்று வீசும் நாட்களில் இப்போது எங்கள் தகவலைப் படித்துவிட்டுப் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மீன்பிடிக்க உதவும் வேலையில் இருந்துகொண்டு, அதைத்தான் வெற்றி என்று சொல்லிக்கொள்கிறோம்.